திரும்பி வரும் கவர்: ஓய்வு பெற்ற பேஸ்பால் வீரர்களும் தபாலில் வரும் கையெழுத்தும்

பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவிப்பு மனப்பாடமாக இருக்கும். சுயவிலாசமிட்ட, போதிய தபால்தலை ஒட்டிய உறை இல்லாவிட்டால் கதை திரும்பி வராது. நம் விலாசத்தை நாமே எழுதிய இன்னொரு கவரை மடித்து உள்ளே வைப்போம். சில வாரம் கழித்து நம் கையெழுத்திலேயே விலாசம் எழுதிய அந்தக் கவர் வாசலில் வந்து விழுந்தால், பிரிக்காமலே சேதி தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் அதே மாதிரி ஒரு கவருக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு அது வந்து சேர்ந்தால் அன்றைக்கு வீட்டில் விசேஷம்தான். உள்ளே ஒரு பேஸ்பால் கார்டு இருக்கும். அதில் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் மட்டையோடு நின்றுகொண்டிருப்பான். அவன் காலடியில், இப்போது எண்பதைத் தாண்டிவிட்ட அதே ஆள் நீல மையில் தன் பெயரை எழுதியிருப்பார். அனுப்பியவரை அவர் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. பெரும்பாலும் காசும் கேட்டிருக்க மாட்டார்.

சேகரிப்பவர்கள் இதை 'த்ரூ தி மெயில்' என்பார்கள், சுருக்கமாக டி.டி.எம். வீரருக்கு ஒரு கடிதம், கையெழுத்துப் போட ஒரு கார்டு, திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய கவர். இந்த மூன்றும்தான் மொத்த ஏற்பாடு. இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் கடிதத்துக்கு, புகழும் பணமும் முடிந்துபோன வயதில் ஒரு மனிதர் எதற்காக உட்கார்ந்து பதில் போட வேண்டும்?

கார்ல் எர்ஸ்கினை எடுத்துக்கொள்வோம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். ஆண்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்வது உலகத் தொடர். 1953 தொடரின் ஓர் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் பேட்டர்களை 14 முறை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். உலகத் தொடரில் அதுவரை யாரும் அத்தனை எடுத்ததில்லை. அதில் நான்கு முறை அவுட் ஆனவர் யாங்கீஸின் நட்சத்திரம் மிக்கி மேன்டில். ஆட்டத்தை விட்ட பிறகு எர்ஸ்கின் பெரிய நகரம் எதிலும் தங்கவில்லை. இந்தியானா மாநிலத்தில் பிறந்த ஊரான ஆண்டர்சனுக்கே திரும்பினார். உள்ளூர்க் கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்தார், வங்கித் தலைவராக இருந்தார், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த மகன் ஜிம்மியின் பொருட்டு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்காக உழைத்தார். இதற்கெல்லாம் நடுவில் வந்த கடிதங்களுக்குப் பதிலும் போட்டார். டி.டி.எம். ஆட்களிடம் தங்கமான மனுஷர்கள் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அவர் பெயரும் இருக்கும். 2024 ஏப்ரலில் தம் 97வது வயதில் இறந்தார்.

எர்ஸ்கின் நல்லவர், அதனால் பதில் போட்டார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவரைப் போல அவர் தலைமுறையில் பலர் இருந்தார்கள். ஒரு தலைமுறையே இப்படி இருந்தது என்றால் அதற்கு அந்தக் காலத்து ஆட்டத்தின் பொருளாதாரத்தில்தான் காரணம் தேட வேண்டும்.

1966 வரைக்கும்கூட, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் ஆடுபவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர்தான். வீரர்கள் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தம் 1968-ல் அதை 10,000 ஆக்கியது. ஒரு வீரரை ஓர் அணி எடுத்துவிட்டால், அந்த அணியாக விடும்வரை அவர் வேறெங்கும் போக முடியாது. 1975 டிசம்பரில், வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்புதான் அந்தக் கட்டை அவிழ்த்தது. சம்பளம் வானத்துக்கு ஏறியது அதற்கு அப்புறம். 2025-ல் குறைந்தபட்சம் 7,60,000 டாலர்.

அதற்கு முந்தைய காலத்தில் சீசன் முடிந்ததும் வீரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். யாங்கீஸின் பெரும் நட்சத்திரங்களான யோகி பெர்ராவும் ஃபில் ரிஸூட்டோவும் நியூவார்க்கில் ஒரு துணிக்கடையில் குளிர்காலம் முழுக்க நின்று வாடிக்கையாளர்களுக்குக் கோட்டு சூட்டு விற்றிருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் அணியில் ஆடிய ரிச்சி ஹெப்னர் குளிர்காலத்தில் கல்லறைக் குழி தோண்டினார். அது அவர் அப்பா பார்த்த தொழில். இப்படி வாழ்ந்தவர்கள் ஆட்டம் முடிந்ததும் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் குடியேறினார்கள். அவர்கள் பெயர் ஊர் டெலிபோன் டைரக்டரியில் இருந்தது. ரசிகனுக்கும் அவர்களுக்கும் நடுவில் மேனேஜரோ வக்கீலோ காவல்காரரோ கிடையாது. கடிதம் வந்தால் அவர்களேதான் பிரித்தார்கள்.

இந்தப் பழக்கம் அதற்கும் முந்தையது. 1930-களிலேயே பள்ளிப் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அன்றைக்கு அமெரிக்க அரசின் தபால் கார்டு ஒரு சென்ட். பச்சை நிறத்தில் ஜெஃபர்சனின் தலை அச்சிட்டிருக்கும். பையன் அந்தக் கார்டின் முன்பக்கத்தில் தன் விலாசத்தைத் தானே எழுதுவான், பின்பக்கத்தை வெறுமனே விடுவான். அதை ஒரு கவருக்குள் போட்டு, 3 சென்ட் ஸ்டாம்ப் ஒட்டி வீரருக்கு அனுப்புவான். ஆக மொத்தம் 4 சென்ட். வீரர் செய்ய வேண்டியதெல்லாம் காலியாக இருக்கும் பக்கத்தில் பெயரை எழுதிப் பக்கத்துத் தபால் பெட்டியில் போடுவது. 1952 ஜனவரியில் கார்டு விலை 2 சென்ட் ஆகும்வரை இது இப்படியே நடந்தது.

அந்தக் கார்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஒரு பக்கம் பெரிய பெரிய எழுத்தில், கோடு பிசகாமல் இருக்க முயன்ற ஒரு பையனின் கை. மறுபக்கம் ஒரு வீரரின் ஊற்றுப்பேனா மை. முன்பக்க மூலையில் வட்டமான தபால் முத்திரை. எந்த ஊரில், எந்தத் தேதியில் பெட்டியில் விழுந்தது என்று அதில் இருக்கும். அந்தத் தேதியில் அந்த அணி அந்த ஊரில் ஆடிக்கொண்டிருந்ததா என்று பழைய ஆட்ட அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். இன்று நிபுணர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடும் ஆதாரத்தில் பாதியை, யாரும் கேட்காமலே தபால் நிலையம் முத்திரையாகக் குத்திக் கொடுத்திருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போட்ட பந்தைவிட இந்த ஒரு சென்ட் கார்டுதான் உசத்தி.

இன்றைக்கு ஒரு கடிதம் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை விலாசம். முன்பு வீரர்களின் வீட்டு விலாசங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே விற்றார்கள். இப்போது ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கு அணியின் முகவரிக்கே எழுதுவது வழக்கம். அதிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம் நடக்கும்போது எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். சீசன் தொடங்கிவிட்டால் கடிதம் மூட்டையோடு மூட்டையாகக் கிடக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டுக்குத்தான்.

அடுத்தது கார்டு. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை வந்த கார்டுகள் சாதாரண அட்டை. மை அப்படியே ஊறிப் பிடித்துக்கொள்ளும். தொண்ணூறுகளில் பளபளப்புப் பூச்சு வந்தது. அதன் மேல் எழுதினால் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், விரல் பட்டால் இழுவிவிடும். அதனால் அனுப்புவதற்கு முன்னால் கார்டின் மேல் கொஞ்சம் பேபி பவுடரைத் தூவி மெல்லிய துணியால் தேய்க்கிறார்கள். சிலர் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்ப்பார்கள். கார்டு கிடைக்காத வீரர் என்றால் 3-க்கு 5 அங்குல வெள்ளை அட்டை. தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர் என்றால் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் விற்கும் மஞ்சள் நிறத் தபால் அட்டை. அதில் அவருடைய வெண்கலப் பட்டயத்தின் படம் இருக்கும். கார்டுக்கு 'ஷார்ப்பி' மார்க்கர், பந்துக்குச் சாதாரண பால்பாயிண்ட். பந்தின் தோலில் ஷார்ப்பி போட்டால் நாளாக நாளாக மை பரவி எழுத்து ஊதிப்போகும். பந்து அனுப்புவதே கொஞ்சம் யோசிக்க வேண்டிய காரியம்தான், எண்பது வயதுக்காரரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடக்க வைக்கிறோம் அல்லவா.

அப்புறம் ஸ்டாம்ப். 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு 78 சென்ட் ஆனது. கார்டு மடங்காமல் இருக்கக் கனமான அட்டையை உள்ளே வைத்துக் கவர் விறைத்துப் போனால், இயந்திரத்தில் போகாது என்று கூடுதலாகக் கேட்பார்கள். 2007-ல் வந்த 'ஃபாரெவர்' ஸ்டாம்ப் இந்தக் கூட்டத்துக்குப் பெரிய உபகாரம். எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும், பயன்படுத்தும் நாளில் என்ன கட்டணமோ அதற்குச் செல்லும். ஏன் முக்கியம் என்றால், பதில் பத்து நாளில் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம். வீரர் ஒரு மூட்டைக் கடிதத்தைக் கேரேஜில் போட்டுவைத்து, என்றோ ஒரு குளிர்காலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிப்பார். அனுப்பியவர் அதற்குள் கல்லூரி முடித்து, கல்யாணமாகி, வேறு ஊருக்கே போயிருப்பார். பழைய வீட்டில் இருக்கும் அம்மா போன் செய்து, உன் கையெழுத்தில் உனக்கே ஒரு கவர் வந்திருக்கிறதே என்பார்.

கடிதம் கையால் எழுதியதாக இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த வீரருக்கு மட்டுமே எழுதக்கூடிய ஏதாவது ஒரு வரி அதில் இருக்க வேண்டும். ஒரே கடிதத்தை அச்சடித்துப் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே கவரில் எட்டு, பத்து கார்டு திணிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. பத்து கார்டு வந்தால் அது விற்பனைக்குப் போகிறது என்று வீரருக்குத் தெரியாதா? அதனால்தான் பலர் கையெழுத்துக்கு மேலே கேட்டவரின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். இன்னொருத்தர் பெயர் எழுதிய கார்டைச் சந்தையில் வாங்க ஆள் குறைவு.

தபாலில் வந்த கையெழுத்து உண்மையானதுதானா? இதற்கு நேரான பதில் கிடையாது. வாங்குகிறவர் கடைக்காரரிடமிருந்து வாங்கவில்லை, வீரரின் வீட்டுக்கே அனுப்பி வாங்கியிருக்கிறார். ஆகவே நம்பலாம் என்று தோன்றும். பெரும்பாலும் நம்பலாம்தான். ஆனால் வீட்டுக்குள் பேனாவைப் பிடித்தது யார் என்று கவருக்குத் தெரியாது.

இதற்கு ஜோ ஜாக்சனின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 'ஷூலெஸ் ஜோ' என்று அழைக்கப்பட்டவர். தெற்குக் கரோலினாவின் பஞ்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஆலை வேலைக்குப் போய்விட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த பேட்டர்களில் ஒருவர். 1919 உலகத் தொடரில் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்ற குற்றச்சாட்டில், ஷிகாகோ அணியின் வேறு ஏழு பேரோடு சேர்த்து ஆயுள் முழுக்க ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். கிரீன்வில் ஊருக்குத் திரும்பி மதுக்கடை நடத்தினார். 1951-ல் இறந்தார்.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ரசிகர்கள் அவரை மறக்கவில்லை. கடிதம் வந்தது. மனைவி கேட்டி படித்துச் சொன்னார், பதில் எழுதினார், கடைசியில் ஜோ ஜாக்சன் என்று கையெழுத்தும் அவரே போட்டார். பையன்கள் பத்திரமாக வைத்துக் கொண்டாடிய ஜோ ஜாக்சன் கையெழுத்துகள் கேட்டியின் கையெழுத்துகள். ஜோ தன் பெயரை எழுதினார் என்பதைவிட வரைந்தார் என்பதே பொருத்தம். ஒவ்வொரு எழுத்தாக, மாதிரியைப் பார்த்து வரைகிற குழந்தையைப் போலத் தயங்கித் தயங்கி. அப்படி அவரே போட்டவை விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. 1911-ல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. 2021 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 14.7 லட்சம் டாலருக்குப் போனது.

கேட்டி செய்தது மோசடி என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதத் தெரியாத கணவனின் மானத்தைக் காப்பாற்றினார், கடிதம் எழுதிய குழந்தையையும் ஏமாற்றத்தோடு விடவில்லை. ஏலச் சந்தை அவர் கையெழுத்துக்குக் கொஞ்சம் விலைதான் வைக்கும். தபால் பையில் அது வந்து சேர்ந்த நாளில் அந்த விலையைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்?

இப்படி அடுத்தவர் கை போட்டவற்றில் வகைகள் உண்டு. மனைவி, மகள், செயலாளர் போட்டவை ஒரு வகை. அணியின் உடைமாற்றும் அறையில் வேலை பார்க்கும் பையன்கள் நட்சத்திரத்தின் பெயரைப் பந்துகளில் எழுதிக் கொடுத்தவை இன்னொன்று. அவற்றுக்கு 'கிளப்ஹவுஸ்' கையெழுத்து என்றே பெயர். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவை உண்டு. 'ஆட்டோபென்' என்ற இயந்திரம் பேனாவைப் பிடித்து எழுதியவையும் உண்டு. அதை அறுபதுகளின் விண்வெளி வீரர்கள் நிறையப் பயன்படுத்தினார்கள். இயந்திரம் போட்டது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கையெழுத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தும். மனிதன் கை ஒரு நாளும் அப்படிப் பொருந்தாது.

கடைகளில் விற்றவை பற்றி இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. தொண்ணூறுகளில் கையெழுத்து வியாபாரம் கோடிகளில் புரண்டபோது, போலி போடுவது ஒரு குடிசைத் தொழிலாகவே ஆனது. எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு விசாரணை நடத்தி 1999-ல் தெற்குக் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு கும்பலை வளைத்தது. பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது. அதே சமயத்தில் சான் டியாகோ அணியின் டோனி க்வின், தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையெழுத்துப் பொருள்கள் விற்பதைப் பார்த்துச் சொன்னார். 2001-ல் மேஜர் லீக் தானே ஓர் அத்தாட்சித் திட்டம் தொடங்கியது. இன்று அதிகாரபூர்வமாக விற்கும் பொருள் ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட ஹோலோகிராம் இருக்கும். தபாலில் வருவதற்கு ஹோலோகிராம் கிடையாது. அதற்கு அத்தாட்சி, அதன் ஊர் முத்திரையும் அதை அனுப்பிய ஆளின் குணமும்தான்.

பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். எண்பதுகளில் கார்டு கண்காட்சிகள் பெருகியபோது, முன்பு சும்மா போட்டுக் கொடுத்த கையெழுத்துக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கும் நிலை வந்தது. வாழ்நாள் முழுக்க ஆட்டத்தில் பார்க்காத ரொக்கத்தைச் சில வீரர்கள் ஒரு சனிக்கிழமையில் பார்த்தார்கள். அந்த ரொக்கம் எல்லாம் வருமான வரிக் கணக்கில் வரவில்லை. முன்னாள் நட்சத்திரம் பீட் ரோஸ் 1990-ல் இதற்காக ஐந்து மாதம் சிறையில் இருந்தார். ஹால் ஆஃப் ஃபேம் வீரர்களான டியூக் ஸ்னைடரும் வில்லி மெக்கோவியும் 1995-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

தபாலிலும் கட்டணம் வந்தது. பலர் இன்று கார்டுக்கு ஐந்து, பத்து, இருபது டாலர் கேட்டு ஒரு சின்ன அச்சிட்ட சீட்டை உங்கள் கவரிலேயே வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் அந்தப் பணத்தைத் தேவாலயத்துக்கோ, நலிந்த பேஸ்பால்காரர்களுக்கு உதவ 1986-ல் தொடங்கிய 'பேஸ்பால் அசிஸ்டன்ஸ் டீம்' அமைப்புக்கோ கொடுக்கச் சொல்கிறார்கள். சேகரிப்பவர்களில் சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள், ரசிகனிடம் காசு கேட்பதா என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்குக் காரணம் ஓய்வூதியக் கணக்கு.

1980-க்கு முன்பு ஓய்வூதியம் வேண்டுமென்றால் மேஜர் லீகில் நான்கு ஆண்டு பணிக்காலம் முடித்திருக்க வேண்டும். 1980-ல் போட்ட ஒப்பந்தம் அதை 43 நாளாகக் குறைத்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டவர்களுக்கு அது பொருந்தவில்லை. மூன்றரை ஆண்டு ஆடி, தோள்பட்டை போய், 1978-ல் வீட்டுக்கு வந்த பிட்சருக்கு ஒன்றும் இல்லை. 1981-ல் ஆறு வாரத்துக்குச் சற்று அதிகமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு வாழ்நாள் ஓய்வூதியம். பல நூறு பேர் இப்படி விடுபட்டார்கள். 2011-ல்தான் அவர்களுக்கு ஆடிய காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்று ஒரு தொகை ஏற்பாடானது. அதுவும் அவர் இறந்தால் நின்றுவிடும், மனைவிக்குப் போகாது. பல நூறு கோடி டாலர் புரளும் ஆட்டம் இது. அப்படி விடுபட்ட ஒரு மனிதர் தம் பெயரை எழுதிக் கொடுக்கப் பத்து டாலர் கேட்டால் நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். அந்த மனிதர் காசு கேட்காமல் போட்டு அனுப்பும்போதுதான் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

டி.டி.எம். உலகத்தின் உயிரே இப்படிப்பட்டவர்களிடம்தான் இருக்கிறது. நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள், அவர்கள் கையெழுத்து எங்கும் கிடைக்கும். மேஜர் லீகில் இதுவரை ஆடியவர்கள் 20,000 பேருக்கு மேல். அதில் பலர் ஒரு மாதம், ஒரு வாரம், சிலர் ஒரே ஒரு ஆட்டம். இவர்கள் ஒரு கப் காபி குடிக்க வந்து போனவர்கள் என்று அமெரிக்கப் பேச்சில் சொல்வார்கள். 1962 செப்டம்பரில் நான்கு ஆட்டம் ஆடிவிட்டுப் போய், அப்புறம் ஐம்பது ஆண்டு பிளம்பராக இருந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் தபாலில் கடிதம் வருகிறது. அந்த நான்கு ஆட்டத்தில் மூன்றாவதில் நீங்கள் அடித்த ஒரே ஒரு ஹிட் யாருக்கு எதிராக அடித்தது, அந்தப் பந்து எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று யாரோ கேட்கிறார்கள். ஞாபகம் இல்லாமலா இருக்கும்! இப்படிப்பட்டவர்கள் கார்டில் கையெழுத்தோடு நிறுத்த மாட்டார்கள். ரசிகர் அனுப்பிய கடிதத்தின் பின்பக்கம் முழுக்க எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

அந்தப் பின்பக்கங்களில் ஆட்டத்தின் வரலாறு கொஞ்சம் கிடக்கிறது. 1971-ல் கூப்பர்ஸ்டவுனில் தொடங்கிய அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகத்தில், ஒவ்வொரு வீரரும் எங்கே பிறந்தார், எங்கே இறந்தார், ஆட்டத்துக்குப் பின் என்ன ஆனார் என்று தேடுவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. 1943 முதல் 1954 வரை நடந்த பெண்கள் தொழில்முறை லீகில் ஆடிய 600-க்கு மேற்பட்டவர்களையும் கடிதம் எழுதித்தான் பல ரசிகர்கள் கண்டுகொண்டார்கள். கறுப்பின வீரர்களைச் சேர்க்காத காலத்தில் தனியாக நடந்த நீக்ரோ லீகுகளும் மேஜர் லீகுகளே என்று 2020 டிசம்பரில்தான் அறிவிப்பு வந்தது. அதில் வந்த சுமார் 3,400 பெயர்களில் உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்கு அறிவிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கடிதம் போய்க்கொண்டிருந்தது.

கையெழுத்தின் அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லப்ரூவின் கையெழுத்தை முதல் வகுப்புக் குழந்தைகூடப் படித்துவிடும். மினசோட்டா அணிக்கு வந்த இளம் வீரர்கள் கிறுக்கலாகப் போட்டால் பக்கத்தில் கூப்பிட்டு, ரசிகனுக்கு உன் பெயர் தெரிய வேண்டாமா என்று கண்டிப்பார். அவர்களில் ஒருவரான டோரி ஹன்டர் அப்படித் திட்டு வாங்கியதைப் பெருமையாகச் சொல்வார். ஹன்டரின் கையெழுத்து இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. இப்போதைய பல வீரர்களின் கையெழுத்தில் முதல் எழுத்தும் ஒரு நெளிகோடும்தான் மிஞ்சும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போட்டால் கை அப்படித்தான் சுருக்கிக்கொள்ளும், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சேர்த்தெழுதும் எழுத்தைப் பள்ளியில் பல ஆண்டுப் பயிற்சியோடு கற்ற அந்தப் பழைய தலைமுறையின் கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தையும் முடித்துவிட்டே அடுத்ததற்குப் போயிருப்பது தெரியும்.

அந்தக் கைகள் பிறகு நடுங்கத் தொடங்கும். பாஸ்டன் ரெட் சாக்ஸில் மட்டுமே ஆடி முடித்த பாபி டோர் ஆரிகன் மாநிலத்தில் 99 வயது வரை இருந்தார், 2017 நவம்பரில் இறந்தார். அவருக்கு எழுதியவர்கள் கணிசமான பேர். ஒரே வீரரிடம் பத்து, இருபது ஆண்டு இடைவெளியில் வாங்கிய கார்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. கோடு மெல்ல மெல்லத் தளர்வது தெரியும். எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தால் பார்கின்சன் நோயாக இருக்குமோ என்று கவலைப்படுகிறார்கள். ஒரு கட்டத்தில் குடும்பத்தாரே ஒரு சின்னக் குறிப்பு எழுதி அனுப்புவார்கள், அப்பாவுக்கு இனி எழுத முடியாது, மன்னிக்கவும் என்று. அதற்குப் பிறகு அந்த விலாசத்துக்கு எழுதாமல் இருப்பது இந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம்.

சில சமயம் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விடுவார். அப்போது மேஜையில் பிரிக்காத கடிதங்கள் குவிந்திருக்கும். மகளோ பேரனோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, கையெழுத்துப் போடாத கார்டை அதே கவரில் திருப்பி வைத்து, ஒட்டி அனுப்புவார்கள். இறுதிச் சடங்கில் கொடுத்த, அவர் படம் போட்ட சிறிய அட்டை சிலவற்றில் கூடவே இருக்கும். அந்தக் கார்டுகளைச் சேகரிப்பவர்கள் வேறு வீரரின் கார்டோடு கலப்பதில்லை. வந்த கவரிலேயே, வந்தபடியே வைத்திருக்கிறார்கள்.